41 நாள் முடிந்தவருக்கு 42-வது நாள் ஏன் முடியவில்லை?

கார்த்திகை பிறந்தால் ஒரு அதிசயம் நடக்கிறது.

செங்கல்பட்டு ரெயில் நிலையத்தில், மாமல்லபுரம் கல்பட்டறைகளில், கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை உள்ள மீனவர் குப்பங்களில், எங்கே பார்த்தாலும் கறுப்பு வேட்டி. கழுத்திலே துளசி மணி மாலை. சபரிமலைக்கு விரதம்!

நேற்றுவரை தினம் ஒரு கட்டு பீடி ஊதித் தள்ளியவர், இன்று ஒரு பீடியைக்கூடத் தொடுவது இல்லை. "சிகரெட் இல்லாவிட்டால் பொழுது விடியாது" என்று சொன்னவர், இருட்டோடு எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, சரணம் சொல்கிறார்.

ஒரு நாள் அல்ல. இரண்டு நாள் அல்ல. 41 நாள்!

மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டுகிறவர்களும் அப்படியே. கோவளம் கடற்கரையில் உள்ள கிறிஸ்தவர்களில் பலர் தவக்காலத்தில் புகையை ஒதுக்கி வைக்கிறார்கள். ரம்ஜான் மாதத்தில் நோன்பு பிடிக்கும் முஸ்லிம்கள், விடியும் முன்பிருந்து பொழுது சாயும்வரை புகையைத் தொடுவது இல்லை.

ஆகவே, "என்னால் முடியாது" என்பது சரி அல்ல. முடிகிறது!

பிறகு என்ன ஆகிறது?

மலைக்குப் போகிறார். சாமி கும்பிடுகிறார். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றுகிறார். மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போகிறார்.

"வா, மச்சான்! எத்தனை நாள் ஆச்சு! இந்தா, ஒண்ணு பத்த வை!"

அவ்வளவுதான். பழைய பீடி, பழைய விரலுக்கு வந்துவிடுகிறது.

41 நாள் முடிந்தவருக்கு 42-வது நாள் ஏன் முடியவில்லை? அவர் அதே மனிதர்தானே? அவருக்கு இருப்பது அதே மனசுதானே?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், புகையை விடும் வழியும் தெரிந்துவிடும்.

கந்து வட்டிக்காரன்

புகையிலையில் நிகோடின் என்று ஒரு பொருள் இருக்கிறது. மனிதனைக் கட்டிப் போடுவது அதுதான்.

புகையை உள்ளே இழுத்தால், 10 முதல் 20 விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்ச் சேருகிறது. மூளைக்கு ஒரு சுகம் கிடைக்கிறது. சிறிது நேரத்தில் சுகம் இறங்குகிறது. எரிச்சல் வருகிறது. கை பரபரக்கிறது. "இன்னொன்று கொடு" என்று மூளை கேட்கிறது. இன்னொன்று பிடித்ததும் எரிச்சல் அடங்குகிறது.

உடனே அவர் என்ன நினைக்கிறார்? "பீடிதான் என் கவலையைத் தீர்த்தது" என்று நினைக்கிறார்.

உண்மை என்ன? அந்த எரிச்சலைக் கொண்டுவந்ததே முந்திய பீடிதான்!

கந்து வட்டிக்காரன் கதை தெரியும் அல்லவா? கையில் பணம் இல்லாத நேரத்தில் ஓடி வந்து கொடுப்பான். நல்ல மனிதன் போலத் தெரியும். கையில் பணம் இல்லாமல் போனதற்கே அவனுடைய வட்டிதான் காரணம் என்பது பிறகுதான் புரியும். நிகோடினும் அப்படித்தான்.

ராத்திரி முழுவதும் கடலில் கிடந்து, குளிரில் நடுங்கி, வலை இழுக்கும் மனிதர், "இது ஒன்றுதான் ஐயா எனக்கு ஆறுதல்" என்று சொல்லக்கூடும். அவர் சொல்வதில் பொய் இல்லை. அவர் படும் பாடு உண்மை. ஆனால் ஆறுதல்தான் கடன் வாங்கிய ஆறுதல். புகையை விட்டுச் சில மாதம் ஆனவர்களை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு மனக்கவலை கூடவில்லை. குறைந்துதான் இருந்தது!

உடம்பு மறந்துவிடுகிறது

புகையை நிறுத்தினால் முதல் சில நாள் கஷ்டம்தான். தலைவலி வரும். தூக்கம் கெடும். கோபம் வரும். பசி கூடும். வேலையில் கவனம் போகாது. முதல் வாரத்தில் இது உச்சத்துக்குப் போகும். பிறகு இறங்கத் தொடங்கும். 2 வாரம் முதல் 4 வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

41 நாள் என்றால் கிட்டத்தட்ட 6 வாரம். அதாவது, மாலை போட்டவர் மலை ஏறுவதற்கு முன்பே, அவருடைய உடம்பு நிகோடின் இல்லாமல் வாழப் பழகிவிட்டது. மலை ஏறுவதைவிடக் கடினமான ஏற்றத்தை அவர் வீட்டில் இருந்தபடியே ஏறி முடித்துவிட்டார்!

அப்படியானால் 42-வது நாள் அவரைத் தள்ளிவிட்டது எது?

துணை போய்விட்டது!

மாலை போட்டவருக்கு வீட்டிலும் வெளியிலும் என்ன நடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மனைவி அவருக்கு முன்பே எழுந்து வெந்நீர் வைக்கிறார். தனிப் பாத்திரத்தில் சமைக்கிறார். பெற்ற பிள்ளைகூட "சாமி" என்று கூப்பிடுகிறது. டீக்கடையில் அவருக்குப் பீடி நீட்ட ஒருவருக்கும் துணிச்சல் வராது. சாயங்காலம் பஜனை. பக்கத்தில் அவரைப் போலவே மாலை போட்ட 10 பேர். எல்லோருக்கும் மேலே ஒரு குருசாமி. அவர் பல தடவை மலைக்குப் போய் வந்தவர். எந்த நாளில் எந்தச் சங்கடம் வரும், எப்படிச் சமாளிப்பது என்று தெரிந்தவர்.

நாள் குறித்துத் தொடங்குகிறார். வீடு துணை நிற்கிறது. ஊர் மரியாதை கொடுக்கிறது. கூட்டாளிகள் கூட நடக்கிறார்கள். வழி தெரிந்த ஒருவர் முன்னால் போகிறார்.

42-வது நாள் இவ்வளவும் ஒரே அடியாகப் போய்விடுகிறது. "சாமி" பழையபடி "மச்சான்" ஆகிவிடுகிறார். மன உறுதி அவரைவிட்டுப் போகவில்லை. மன உறுதியைத் தாங்கிப் பிடித்த கைகள்தான் போய்விட்டன.

"மனசு வைத்தால் விடலாம். அவனுக்கு மனசு இல்லை" என்று ஊர் சொல்கிறது. அது பாதி உண்மை. மனசு வைக்க வேண்டியது அவர் ஒருவர் மட்டும் அல்ல. சுற்றி இருப்பவர்களும் மனசு வைக்க வேண்டும்.

மனசு இல்லாமல் இல்லை. 2016-17-ம் ஆண்டில் மத்திய அரசின் சார்பில் இந்தியா முழுவதும் புகையிலைக் கணக்கெடுப்பு நடந்தது. புகை பிடிப்பவர்களில் 100-க்கு 55 பேர், விடத் திட்டம் இடுவதாக அல்லது விட நினைப்பதாகச் சொன்னார்கள். பாதிக்கு மேல்!

ஆனால் துணை இல்லாமல் தனியே முயன்றால் 100-க்கு 4 முயற்சிதான் வெற்றி பெறுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டரின் ஆலோசனையும் தகுந்த மருந்தும் கிடைத்தால், வெற்றி இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது.

பக்கத்து மாவட்டம் சொன்ன சேதி

"என் தாத்தா 80 வயதுவரை சுருட்டுப் பிடித்தார். அவருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்பவர் எல்லா ஊரிலும் உண்டு. ஒரு தாத்தாவை மட்டும் பார்த்தால் போதாது. ஆயிரம் ஆயிரம் தாத்தாக்களைப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதுவும் தமிழ்நாட்டிலேயே!

சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமி, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து ரிச்சர்டு பீட்டோ முதலியவர்களோடு சேர்ந்து ஒரு ஆராய்ச்சி நடத்தினார். நகரத்துக்குச் சென்னை. கிராமத்துக்கு விழுப்புரம் மாவட்டம். செங்கல்பட்டுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இறந்துபோன 43 ஆயிரம் ஆண்களைப் பற்றியும், உயிரோடு இருந்த 35 ஆயிரம் ஆண்களைப் பற்றியும் விசாரித்தார்கள். 2003-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது.

உலகமே திரும்பிப் பார்த்தது. புகை என்றால் புற்றுநோய் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இங்கே முன்னால் நின்றது காசநோய்! புகை பிடித்தவர்கள், பிடிக்காதவர்களைப்போல் சுமார் 4 மடங்கு அதிகமாகக் காசநோயால் செத்திருந்தார்கள். நெஞ்சு வலியும் புற்றுநோயும் அதற்கு மேலே.

செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு மின்சார ரெயிலில் போகிறவர்கள் "தாம்பரம் சானடோரியம்" என்ற நிலையத்தைத் தினமும் பார்க்கிறார்கள். காசநோயாளிகளுக்காக டாக்டர் சவுரி முத்து 1928-ல் அங்கே தொடங்கிய ஆஸ்பத்திரியின் பெயர்தான் அந்த நிலையத்தின் பெயர். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ரெயிலில் போகிறவருடைய சட்டைப் பையிலேயே, அந்த ஆஸ்பத்திரிக்கு டிக்கெட் இருக்கலாம். அது பீடிக்கட்டு!

மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கல்லை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் கிளம்பும் நுண்ணிய தூசி நுரையீரலில் போய்த் தங்குகிறது. உளி மட்டும் இருந்த காலத்தைவிட, மின்சாரக் கருவி வந்த பிறகு தூசி அதிகம். ஏற்கனவே தூசியால் கஷ்டப்படும் நுரையீரலுக்குள் புகையையும் செலுத்துவது, சுமை தூக்குகிறவர் தலையில் இன்னொரு மூட்டையை வைப்பது போன்றது.

எந்த வயதிலும் லாபம்

"இத்தனை வருஷம் பிடித்தாயிற்று. இனி விட்டு என்ன ஆகப்போகிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். இதற்கும் பதில் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1951-ம் ஆண்டு ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் என்ற இரண்டு அறிஞர்கள், அந்த நாட்டு டாக்டர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதினார்கள். "நீங்கள் புகை பிடிப்பது உண்டா?" என்று கேட்டார்கள். பதில் எழுதிய டாக்டர்களின் வாழ்க்கையை 50 ஆண்டுகள் கவனித்தார்கள். ரிச்சர்டு டால் தாமும் முன்பு புகை பிடித்தவர்தான். ஆராய்ச்சியில் உண்மை தெரிந்ததும் விட்டுவிட்டார்.

2004-ல் 50 ஆண்டுக் கணக்கு வெளிவந்தது. கடைசிவரை புகை பிடித்தவர்கள், மற்றவர்களைவிடச் சுமார் 10 ஆண்டு முன்பே இறந்துபோனார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் 3 ஆண்டு திரும்பக் கிடைத்தது. 50 வயதில் விட்டவர்களுக்கு 6 ஆண்டு. 40 வயதில் விட்டவர்களுக்கு 9 ஆண்டு. 30 வயதில் விட்டவர்களுக்கு இழப்பு அனேகமாக இல்லை!

பேரனுக்குக் கல்யாணம் பார்க்க 3 ஆண்டு போதும். 60 வயதுக்காரரும் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

உடம்பு நன்றி உள்ளது. நிறுத்திய 20 நிமிஷத்தில் நாடித் துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. 12 மணி நேரத்தில் ரத்தத்தில் கலந்த நச்சுவாயு பழைய அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஓர் ஆண்டில், புகையால் வந்த மாரடைப்பு ஆபத்து பாதியாகிறது. 10 ஆண்டில், நுரையீரல் புற்றுநோயால் சாகும் ஆபத்தும் சுமார் பாதியாகிறது.

பணக் கணக்கும் உண்டு. ஒருவர் புகைக்கு நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 18 ஆயிரத்து 250 ரூபாய். 10 ஆண்டில் ஒரு லட்சத்து 82 ஆயிரத்து 500 ரூபாய். பெண்ணின் படிப்புக்குப் பணம் இல்லை என்று சொல்லும் வீட்டில் இவ்வளவு பணம் புகையாகப் போகிறது!

ஏசினால் விடுவாரா?

இங்கேதான் குடும்பத்தினர் யோசிக்க வேண்டும்.

புகை பிடிக்கும் ஆணுடைய வீட்டில் தினமும் சண்டை. "உன் வாய் நாறுகிறது. நீ எங்கே உருப்படப் போகிறாய்!" என்று வசை. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர் விடும் புகையை மனைவியும் குழந்தையும்தானே சுவாசிக்கிறார்கள்! புகையே பிடிக்காதவர்கள், பிறர் விட்ட புகையால் ஆண்டுதோறும் 10 லட்சம் பேருக்கு மேல் உலகத்தில் சாகிறார்கள். ஆகவே, "வீட்டுக்குள் புகை கூடாது" என்று மனைவி சட்டம் போடலாம். போடத்தான் வேண்டும்.

ஆனால் ஏச்சினால் பீடி போகாது. ஏச்சு வாங்கியவர் நேரே பெட்டிக்கடைக்குத்தான் போகிறார்!

காந்தியடிகள் சிறு வயதில் உறவுக்காரப் பையன் ஒருவனோடு சேர்ந்து, பிறர் வீசிய சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிப் புகை பிடித்தார். சிகரெட் வாங்க வேலைக்காரனுடைய காசையும் திருடினார். பிறகு அந்தப் பழக்கத்தை விட்டார். 15 வயதில் இன்னொரு தவறு. அண்ணனுடைய காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தைத் திருடினார். மனசு உறுத்தியது. எல்லாவற்றையும் கடிதமாக எழுதி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அடிக்கவில்லை. ஏசவில்லை. கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீர்தான் தம்மைத் தூய்மையாக்கியது என்று காந்தியடிகள் தமது வரலாற்றில் எழுதி இருக்கிறார். பிரம்பு செய்யாததை அன்பு செய்தது.

வீட்டார் செய்யக் கூடியது

மாலை போடும்போது வீட்டில் என்ன செய்கிறார்களோ, அதையே செய்யலாம்.

முதலில் நாள் குறிக்க வேண்டும். "நாளை முதல், நாளை முதல்" என்றால் நாளை வராது. பிள்ளையின் பிறந்த நாள், பொங்கல், ஆடிப்பெருக்கு என்று ஒரு நாளைக் குறித்து, வீட்டாரிடமும் நண்பர்களிடமும் சொல்லிவிட வேண்டும்.

அதற்கு முதல்நாள், மிச்சம் இருக்கும் பீடி, தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

முதல் வாரம் அவர் எரிந்து விழுவார். அது அவருடைய குணம் அல்ல. நிகோடின் கடைசியாகப் போடும் கூச்சல். வீட்டார் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பணப் பேச்சு, மாமியார் பேச்சு எல்லாம் அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்!

புகை ஆசை கிளம்பினால், சில நிமிஷம்தான் நிற்கும். கடல் அலை மாதிரி. எழும்பும், உடையும், போய்விடும். அந்தச் சில நிமிஷத்தைக் கடத்துவதுதான் வித்தை. "5 நிமிஷம் கழித்துப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட வேண்டும். மூச்சை ஆழமாக இழுத்து விட வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வேண்டும். எழுந்து போய் வேறு வேலை பார்க்க வேண்டும். வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றால் கிராம்பு, ஏலக்காய், நெல்லிக்காய் போடலாம். பீடிக்குப் பதிலாகப் புகையிலை, பாக்குப் பொட்டலம் போடக் கூடாது. அது ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவது.

டீ குடித்ததும் புகை பிடிப்பது பழக்கம் என்றால், சில வாரம் வீட்டிலேயே டீ குடிப்பது நல்லது.

இது கல் அல்ல; வலை!

எல்லாம் செய்தும், பத்தாவது நாள் ஒரு பீடி பிடித்துவிட்டார். இப்போது என்ன செய்வது?

"எனக்குத் தெரியும். நீ விடமாட்டாய்!" என்று சொல்லிவிடுவது எளிது. அந்த ஒரு சொல், பத்து நாள் உழைப்பையும் கெடுத்துவிடும்.

மாமல்லபுரத்தில் இரண்டு தொழில் இருக்கிறது. ஒன்று கல் வேலை. உளி தவறி மூக்கு உடைந்தால், சிலை போயிற்று. இன்னொன்று கடல் வேலை. வலை கிழிந்தால் அதை யாரும் தூக்கி எறிவது இல்லை. கரையில் உட்கார்ந்து தைக்கிறார்கள். மறுநாள் அதே வலையோடு கடலுக்குப் போகிறார்கள்.

புகையை விடுவது கல் வேலை அல்ல. அது வலை வேலை. எங்கே கிழிந்தது, எதனால் கிழிந்தது என்று பார்த்துத் தைக்க வேண்டும். நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலோர் பல தடவை முயன்று விட்டவர்கள்தான்.

மருந்தும் டெலிபோனும்

மனசாலும் முடியவில்லை, வீட்டாராலும் முடியவில்லை என்றால் டாக்டரிடம் போகலாம். இது வெட்கப்படும் விஷயம் அல்ல. நிகோடினுக்கு அடிமையாவது ஒரு நோய். நோய்க்கு மருந்து உண்டு.

நிகோடினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து ஆசையை அடக்கும் "சூயிங் கம்" இருக்கிறது. அதை மிட்டாய் மாதிரி மென்று விழுங்கக் கூடாது. மெல்ல வேண்டும், கன்னத்தில் ஒதுக்க வேண்டும், மறுபடி மெல்ல வேண்டும். ஆசையைக் குறைக்கும் மாத்திரைகளும் உண்டு. எது யாருக்கு ஏற்றது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

1965-ல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோய் டாக்டர்களும் மனநல டாக்டர்களும் இருக்கிறார்கள். காய்ச்சலுக்குப் போகிறவர்கள், "பீடியை விட வழி சொல்லுங்கள்" என்றும் கேட்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில், 2002-ம் ஆண்டிலேயே புகையிலையை விட உதவும் மருத்துவப் பிரிவு ஏற்பட்டது. இந்தியாவில் முதலில் ஏற்பட்ட 13 பிரிவுகளில் அது ஒன்று.

ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் இல்லை என்பவர்களுக்கு டெலிபோன் இருக்கிறது. எண்: 1800-11-2356. கட்டணம் கிடையாது. 2016-ல் மத்திய அரசு தொடங்கிய உதவி இது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியின் மூலம் தமிழிலும் பேசுகிறார்கள். நாள் குறிப்பது முதல், சறுக்கினால் எழுந்திருப்பதுவரை வழி சொல்கிறார்கள்.

இந்த எண், 2018 முதல் சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்து இருக்கிறது. ஆனால் ஒரு வேடிக்கை! பெட்டிக்கடையில் ஒன்று, இரண்டு என்று உதிரியாக வாங்குகிறவர் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. படத்தையும் பார்ப்பது இல்லை. எண்ணையும் பார்ப்பது இல்லை. ஏழைக்குத்தான் அந்த எண் அதிகம் தேவை. ஏழைக்குத்தான் அது கண்ணில் படுவது இல்லை! ஆகவே பஸ் நிலையத்திலும், மீன் ஏலம் போடும் இடத்திலும், கல்பட்டறை வாசலிலும் பெரிய எழுத்தில் அதை எழுதி வைக்க வேண்டும்.

ஊரும் அரசும்

கடற்கரை ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. கடலுக்குப் போகக்கூடாத நாள் எது என்று ஊர் சொன்னால், படகு கரையில் நிற்கிறது. அந்த ஊர், புகைக்கும் ஒரு கட்டுப்பாடு சொல்லலாமே!

நாகாலாந்து மாநிலத்தில் காரிபெமா என்ற சிறு ஊர் இருக்கிறது. அந்த ஊர்ச் சபை புகையிலை விற்கக் கூடாது, பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்தது. 2014-ல் அது புகையிலை இல்லாத கிராமம் என்று அறிவிக்கப்பட்டது. மலையில் உள்ள ஊருக்கு முடிந்தது, கடலோர ஊருக்கு முடியாதா?

எடுத்த எடுப்பில் அபராதம் வேண்டாம். "விட்டவருக்கு யாரும் பீடி நீட்டக் கூடாது" என்ற ஒரு கட்டுப்பாடு போதும். கார்த்திகையில் அதை எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள். தையிலும் மாசியிலும் கடைப்பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. முன்பே விட்டவர் ஒருவர், புதிதாக விடுகிறவருக்குக் குருசாமியாக இருக்கலாம். "மூன்றாம் நாள் இப்படித்தான் இருக்கும், பயப்படாதே" என்று சொல்ல, பட்டு அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதி வெற்றி.

அரசும் ஒரு காரியம் செய்யலாம். "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் 2021-ல் தொடங்கியது. ஊழியர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மருந்து தரும் திட்டம் அது. "இந்த வீட்டில் யார் புகை பிடிக்கிறார்கள்? விட ஆசை உண்டா?" என்ற இரண்டு கேள்வியையும் எல்லா வீட்டிலும் கேட்டு, விட விரும்புகிறவரின் பெயரை எழுதிக்கொண்டு, அடுத்த மாதம் மறுபடி விசாரிக்க வேண்டும். விசாரிக்க ஒருவர் வருவார் என்பதே பெரிய துணை.

சட்டமும் இருக்கிறது. 18 வயது ஆகாதவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பள்ளிக்கூடத்துக்கு 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. பொது இடத்தில் புகை பிடிப்பதற்கு 2008 அக்டோபர் 2-ந்தேதி முதல் தடை கடுமையாக்கப்பட்டது. மின் சிகரெட்டுக்கு 2019 முதல் தடை. ஏட்டில் இருப்பது கடைவீதிக்கும் வர வேண்டும்.

42-வது நாளுக்கு ஒரு யோசனை

"சொந்தக் காசு, சொந்த உடம்பு. மற்றவர்களுக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். காசு அவருடையதாக இருக்கலாம். அவர் போன பிறகு வரும் கடனும் கண்ணீரும் வீட்டாருடையது அல்லவா?

மாலையை எடுக்கும் நாளில் பல வீடுகளில் பூசை போடுகிறார்கள், சோறு போடுகிறார்கள். அன்றைக்கு வீட்டார் அவரிடம் ஒன்று கேட்கட்டும். "மாலை இறங்கட்டும். பீடி ஏற வேண்டாம்."

மறுநாள் காலை அவரைத் தனியாக டீக்கடைக்கு விட வேண்டாம். வீட்டிலேயே டீ போட்டுக் கொடுக்கட்டும். கூட மலைக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் வந்து அவரோடு உட்காரட்டும். பிள்ளைகள் காலண்டரில் 42 என்று எழுதட்டும். நாளைக்கு 43.

41 நாள் ஊரே சேர்ந்து தூக்கி நிறுத்திய மனிதர் அவர். 42-வது நாள் கையை விட்டுவிட்டு, "விழுந்துவிட்டான்" என்று சொல்வது நியாயம் அல்ல!